தமிழ் விக்கிப்பீடியாவில் முதல் கட்டுரை: தயக்கத்தையும் முழுமைப் பிடிவாதத்தையும் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கிவிட்டு, ஒரு கட்டுரைகூட வெளியிடாமல் மாதக்கணக்கில் பார்வையாளராகவே இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிலரங்குகளில் புதியவர்களின் அருகில் அமர்ந்து கவனித்தால், தட்டச்சும் நுட்பமும் அவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவதைக் காணலாம். அதற்குப் பிறகும் கை நகராமல் இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, "இதை எழுத நான் யார்" என்னும் தயக்கம். மற்றொன்று, "ஒரு பிழைகூட இல்லாத நிலையில்தான் வெளியிடுவேன்" என்னும் முழுமைப் பிடிவாதம்.

இவ்விரண்டையும் மனத்திலிருந்து நீக்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. ஆகவே இங்கே சொல்லப்படுபவை, தயக்கம் இருக்கும்போதே வேலை நடக்கும்படி அதன் வரிசையை அமைத்துக்கொள்ளும் முறைகள். வரிசை முக்கியம், நான்காம் படியை முதலில் செய்ய முயல்வதே பலரும் இடறும் இடம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஒரு பயனர் கணக்கு. உங்கள் சொந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை; புனைபெயரில் எழுதுவோர் பலர் உள்ளனர். மாணவர்களோ உறவினர்களோ அலுவலகத்தாரோ பார்த்துவிடுவார்கள் என்னும் கூச்சம் இருந்தால் புனைபெயரையே தேர்ந்தெடுங்கள். கணக்கில்லாமல் எழுதுவதைத் தவிருங்கள். கணக்கு இருந்தால்தான் உங்களுக்கென நிலையான பேச்சுப் பக்கம் இருக்கும், பிறர் உதவி செய்ய விரும்பினால் உங்களை அணுகுவதற்கும் வழி இருக்கும்.

இரண்டாவது, எழுத நினைக்கும் பொருளைப் பற்றிய இரண்டு நம்பகமான சான்றுகள். பக்க எண்ணுடன் ஒரு நூல், நாளும் தலைப்பும் குறித்து வைத்த ஒரு நாளிதழ்ச் செய்தி என்பதுபோல அவை திட்டவட்டமாக இருக்க வேண்டும். சான்று கையில் இல்லாமல் நினைவிலிருந்து எழுதும்போது ஒவ்வொரு சொற்றொடருக்கும் உங்கள் மீதே சுமை விழுகிறது. சான்று மேசையில் இருந்தால் அச்சுமையை நூல் ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். "முடிந்தது" என்பதற்கான வரையறையை எழுதத் தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். முதல் கட்டுரைக்கு நான் பரிந்துரைப்பது இவ்வளவே: ஐந்து முதல் எட்டுச் சொற்றொடர்கள், இரண்டு மேற்கோள்கள், வேறு கட்டுரைகளுக்கு மூன்று உள்ளிணைப்புகள், ஒரு பகுப்பு (கட்டுரை எந்த வகையைச் சேர்ந்தது என்னும் குறி). இவை நிறைவேறினால் வெளியிட வேண்டும்.

தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுமைப் பிடிவாதம் எழுதும்போதே எல்லைக்கோட்டை நகர்த்திக்கொண்டே போகும். ஐந்து சொற்றொடர் முடிந்ததும் வரலாற்றுப் பகுதி இல்லையே என்று தோன்றும். அதை எழுதியதும் வரைபடம் இல்லையே என்று தோன்றும். எண்ணத்தில் மட்டும் இருக்கும் எல்லையை நகர்த்துவது எளிது. எழுதி ஒட்டிவைத்த எல்லையை நகர்த்தச் சற்றுக் கூச்சமாக இருக்கும்.

2. ஐயத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுதல்

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எழுத உட்காரும்போது எழும் ஐயம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அதில் இரண்டு வகை கலந்திருக்கிறது: பொருளைப் பற்றிய ஐயம் ஒன்று, தன்னைப் பற்றிய ஐயம் மற்றொன்று. முதலாவதை விட்டுவிடக் கூடாது. கலைக்களஞ்சியம் எழுதுபவருக்கு அதைவிடப் பயனுள்ள குணம் இல்லை. இரண்டாவதற்கு எழுதுமேசையில் வேலை இல்லை.

பிரிப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. மனத்தில் தோன்றும் ஐயத்தை முழு வினாவாகத் தாளில் எழுதுங்கள். அதன் எழுவாய் என்ன என்று பாருங்கள்.

"வீராணம் ஏரிக்கு நீர் வடவாறு வழியாகத்தான் வருகிறதா?" என்பதில் எழுவாய் நீர். இதற்கு விடை உண்டு. நூலைத் திறந்தால் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு நீர் வருகிறது என்பது கிடைக்கும். ஐயம் ஒரு மேற்கோளாக மாறிவிடுகிறது, கட்டுரை ஒரு வரி வளர்கிறது.

"ஏரிகளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது?" என்பதில் பேச்சு முழுக்க உங்களைப் பற்றியது. எந்த நூலகத்திலும் இதற்கு விடை இல்லை. மேலும் விக்கிப்பீடியா இந்த வினாவை எவரிடமும் கேட்பதில்லை. எழுதுபவரின் பட்டத்தையோ பதவியையோ சான்றாகக் கொள்ளாமல், எழுதப்பட்ட தகவலை வெளியான நம்பகமான சான்றுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியுமா என்பதையே பார்ப்பது அதன் அடிப்படைக் கொள்கை. நீர்வளத்துறைப் பொறியாளரே எழுதினாலும் அவரும் மேற்கோள் தர வேண்டும்.

உளவியலில் இவ்விரண்டாம் வகை ஐயம் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. தகுதி இருந்தும் தாம் பிறரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் என்றாவது ஒருநாள் பிடிபட்டுவிடுவோம் என்றும் அஞ்சும் மனநிலையை பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் ஆகிய இருவரும் 1978 ஆம் ஆண்டுக் கட்டுரையில் விவரித்தனர். அவர்கள் கவனித்தது கல்வியிலும் பணியிலும் உயர்நிலை எய்திய பெண்களை. பயிலரங்கிலும் இதுவே தெரிகிறது: கல்லூரி மாணவர் பட்டென்று எழுதிவிடுவார், இருபது ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஆசிரியர் விசைப்பலகையின் மேல் கையை வைத்தபடி அமர்ந்திருப்பார். அறிந்தவருக்குத்தான் எங்கெல்லாம் தவறலாம் என்பதும் தெரியும்.

எழுதிய வினாக்களில் உங்களைப் பற்றியவற்றை ஒரு கோடு போட்டுத் தள்ளிவையுங்கள். அவற்றுக்கு மறுமொழி எழுத முயலாதீர்கள். வாதாடத் தொடங்கினால் அன்றைய நேரம் அதிலேயே போய்விடும். பொருளைப் பற்றியவற்றை எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

3. கட்டுரைக்கு முன் பத்துச் சிறு திருத்தங்கள்

முதல் நாளே புதிய கட்டுரையைத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள கட்டுரைகளில் பத்துச் சிறு திருத்தங்களைச் செய்யுங்கள். உங்கள் ஊர், படித்த பள்ளி இருக்கும் நகரம், வீட்டுக்கு அருகில் ஓடும் ஆறு ஆகியவற்றைத் தேடித் திறந்து, விடுபட்ட ஒற்று, ணகர னகர மயக்கம், உடைந்த சொற்றொடர் ஆகியவற்றைச் சரிசெய்து, தொகுப்புச் சுருக்கத்தில் (தொகுப்பு என்பது பக்கத்தில் செய்யும் மாற்றம்; அதை ஒரு வரியில் விளக்கும் பெட்டி இது) "எழுத்துப்பிழை திருத்தம்" என்று எழுதி வெளியிடுங்கள்.

இதனால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. வெளியிடும் பொத்தானை அழுத்துவது கைக்குப் பழகிவிடுகிறது என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, மற்றவர்களின் கட்டுரைகளை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு. வெளியே வாசகராக நின்று பார்த்தபோது குறையற்றதாகத் தோன்றிய கட்டுரையின் வரலாற்றை (யார் எப்போது என்ன மாற்றினார் என்னும் பட்டியலை)த் திறந்தால், அது இரண்டு வரிக் குறுங்கட்டுரையாகத் தொடங்கி, பலர் கைபட்டு, இடையில் பிழைகள் புகுந்து நீங்கி வளர்ந்தது தெரியும். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் "தரமான முதல் கட்டுரை" என்பது பல கட்டுரைகளின் வரலாற்றில் இல்லாத ஒன்று.

அடுத்து ஒரு பயிற்சி. உங்கள் பயனர் மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கான உங்கள் தனிப் பக்கத்தில்) ஒரு பத்தியை எழுதி வெளியிடுங்கள். பிறகு வேண்டுமென்றே அதைக் குலைத்துவிட்டு மீண்டும் வெளியிடுங்கள். இப்போது வரலாற்றுப் பக்கத்துக்குச் சென்று முந்தைய நிலைக்கு மீளமையுங்கள். ஒவ்வொரு பதிப்பும் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று படித்து அறிவதற்கும், தன் கையால் கெடுத்ததைத் தன் கையாலேயே ஒரு நிமிடத்தில் மீட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவதுதான் அச்சத்தைக் குறைக்கிறது.

இந்தப் படியில் அடிக்கடி நிகழும் தவறு, வழக்கு வேறுபாட்டைப் பிழையாகக் கருதித் திருத்துவது. ரொறன்ரோ என்று எழுதியிருப்பதைக் கண்ட தமிழ்நாட்டவர் அதை டொராண்டோ என்று மாற்றுவார். இலங்கையர் ஒருவர் அதைத் திரும்ப மாற்றுவார். இரு நாட்டு வழக்குகளும் தமிழ் விக்கிப்பீடியாவில் இடம்பெறுகின்றன. கிரந்த எழுத்து பற்றிய விவாதத்திலும் முதல் வாரத்திலேயே நுழைய வேண்டாம். அது பழையது, நீண்டது, புதியவரைச் சோர்வடையச் செய்வது.

4. மணல்தொட்டியில் முதல் வரைவு

இப்போது எழுதலாம். அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு, இடையில் பின்னோக்கிச் சென்று திருத்தாமல், சான்று நூல் சொல்வதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். சரியான சொல் கிடைக்காத இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். எழுதுவதும் திருத்துவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்பவர் முதல் சொற்றொடரையே ஏழு விதமாக எழுதிக்கொண்டிருப்பார்.

தமிழில் எழுதும்போது முழுமைப் பிடிவாதம் பெரும்பாலும் அலங்காரமாக வெளிப்படுகிறது. புதியவர் ஒருவரின் வரைவு இப்படித் தொடங்கும்:

"சோழப் பேரரசின் ஈடு இணையற்ற நீர் மேலாண்மைத் திறனுக்குச் சான்றாக, கடல்போல் பரந்து விரிந்து, காண்போர் கண்களுக்கு விருந்தளிக்கும் வண்ணம் திகழ்ந்துகொண்டிருக்கும் எழில்மிகு ஏரிதான் வீராணம்."

இதை எழுத ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஏரி எங்கே இருக்கிறது என்பது இதில் இல்லை. கலைக்களஞ்சியத்துக்குத் தேவையானது இவ்வளவுதான்:

"வீராணம் ஏரி தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உள்ள ஏரி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்கு நீர் வருகிறது. பாசனத்துக்கும் சென்னையின் குடிநீர்த் தேவைக்கும் இந்நீர் பயன்படுகிறது."

மூன்று சொற்றொடர்கள். எங்கே, எப்படி, எதற்கு என்பவற்றுக்கு விடை கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மேற்கோள் சேர்த்து, இதேபோல இன்னும் இரண்டு சொற்றொடர்களும் உங்கள் வரையறையில் எஞ்சியவையும் சேர்ந்தால் இது வெளியிடத்தக்க குறுங்கட்டுரை. வீராணத்துக்கு ஏற்கெனவே கட்டுரை உண்டு. இந்த அமைப்பை உங்கள் ஊர் ஏரிக்கோ குளத்துக்கோ பொருத்திப் பாருங்கள். அடைமொழிகளை நீக்கும்போது எழுத்து வறண்டுவிட்டதாகத் தோன்றும். அது இயல்பு. வாசகர் உங்கள் நடையை மதிப்பிட வரவில்லை, ஏரியைப் பற்றி அறிய வருகிறார். இது ஒருவிதத்தில் பெரிய ஆறுதல்.

தொடக்கச் சொற்றொடரை முதலில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. கையில் உறுதியான சான்று எதற்கு இருக்கிறதோ அந்தத் தகவலிலிருந்து தொடங்கி, அறிமுகத்தைக் கடைசியில் எழுதுங்கள். உள்ளடக்கம் என்ன என்பது தெரிந்த பிறகு அறிமுகம் எழுதுவது எளிது.

மணல்தொட்டியின் ஆபத்து, அது கிடங்காக மாறிவிடுவது. "இன்னும் கொஞ்சம் சரிசெய்துவிட்டு" என்று ஒரு ஆண்டுக்கு மேலாக மணல்தொட்டியிலேயே கிடக்கும் வரைவுகள் ஏராளம். வரைவின் தலையில் ஒரு நாளைக் குறித்து, "இந்நாளில் கட்டுரைவெளிக்கு (வாசகர் காணும் கட்டுரைப் பகுதிக்கு) நகர்த்தப்படும்" என்று எழுதிவையுங்கள். மணல்தொட்டியையும் எவரும் திறந்து பார்க்க முடியும் என்பதால் அந்த வரி ஒரு சிறிய வாக்குறுதியாகவும் அமையும்.

5. ஒருவரிடம் காட்டுதல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே நேரடியாகப் பொருந்தும். முழுக் கட்டுரையையும் ஒருவர் தலையில் ஏற்றாமல், ஒரு பத்தியைக் காட்டினால் போதும். அதில் அவர் சுட்டும் குறைகள் மற்றப் பத்திகளிலும் இருக்கும்; நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கே கேட்பது? பொதுவான உதவிக்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. அதே துறையில் எழுதும் ஒருவரின் பேச்சுப் பக்கத்தில் கேட்பது இன்னும் நல்லது. யார் என்பது, நீங்கள் படித்த நல்ல கட்டுரையின் வரலாற்றிலேயே தெரியும். ஆலமரத்தடி சமூகம் முழுவதற்குமான பொது உரையாடலுக்கான இடம். ஒரு பத்தியின் ஒற்றுப்பிழைக்கு அங்கே செல்ல வேண்டியதில்லை.

கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலானோர் இடறுகிறார்கள். "எப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எழுதுங்கள்" என்னும் விடைதான் வரும். தயக்கம் உள்ளவருக்கு அது பயன்படாது; மரியாதைக்காகச் சொல்கிறார் என்று மனம் உடனே தள்ளிவிடும். திட்டவட்டமான வினாவுக்குத் திட்டவட்டமான விடை வரும், அதை மனத்தால் மறுக்க முடியாது. ஒரு மாதிரி:

"வணக்கம். என் மணல்தொட்டியில் எங்கள் ஊர் ஏரியைப் பற்றிய வரைவு உள்ளது. இரண்டாம் பத்தியில் நீர்வரத்து பற்றிய தகவலுக்கு நாளிதழ்ச் செய்தியை மேற்கோளாகத் தந்துள்ளேன். அது போதுமா, அல்லது அரசு ஆவணம் தேவையா? நேரம் கிடைக்கும்போது அந்தப் பத்தியை மட்டும் பார்த்துச் சொல்ல இயலுமா?"

முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தாமாகப் பதிவாகும்.

இந்த மாதிரியில் ஒன்று இல்லாததைக் கவனியுங்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, தவறு இருந்தால் மன்னிக்க வேண்டும்" என்னும் முன்னுரை இதில் இல்லை. பணிவாகத்தான் அதை எழுதுகிறோம். ஆனால் அதைப் படிப்பவர் பத்தியைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைத் தேற்றத் தொடங்குவார். உங்களுக்கு வேண்டியது வரைவைப் பற்றிய கருத்து என்றால், பேச்சை வரைவிலேயே நிறுத்துங்கள்.

ஒரே வினாவை நான்கு பேரிடம் கேட்காதீர்கள். நான்கு விதமான விடை வரும். முழுமைப் பிடிவாதம் அந்நான்கையும் நிறைவேற்றப் பார்க்கும். விடை வரத் தாமதமானால் அதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். அங்கே இருப்பவர்கள் அனைவரும் வேலை முடித்து, குடும்பம் பார்த்து, எஞ்சிய நேரத்தில் வரும் தன்னார்வலர்கள். மூன்று நாள் காத்திருந்தும் விடை வரவில்லை என்றால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். கேட்காமலேயே திருத்துபவர்கள் வெளியிட்ட பிறகு வருவார்கள்.

6. வெளியிடுதல்: எதைக் குறையாக விடலாம், எதை விடக் கூடாது

எல்லாக் குறைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. இதைப் பிரித்து அறியாததால்தான் ஒற்றுப்பிழைக்கும் அவதூறுக்கும் ஒரே அளவு அஞ்சுகிறோம்.

குறையாக விடத்தக்கவை பல. தலைப்பு அவற்றுள் முதலாவது. சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா, ஊர்ப்பெயரின் பழைய வடிவமா புதிய வடிவமா என்று நாள்கணக்கில் யோசிக்கிறார்கள். தலைப்பை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், மற்ற வடிவங்களிலிருந்து வழிமாற்று (அந்தப் பெயரில் தேடுபவரை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவரும் இணைப்பு) அமைக்கலாம். படம், தகவற்பெட்டி, வரைபடம், கூடுதல் பகுப்புகள் ஆகியவற்றையும் பிறகு சேர்க்கலாம். ஒரு தகவலுக்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை என்றால் அதை நீக்கிவிட்டு மற்றவற்றை வெளியிடுங்கள். எழுதி முடிக்க இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றால், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அறிவிக்கும் வார்ப்புருவை (ஆயத்தமாக உள்ள அறிவிப்புப் பெட்டியை) மேலே இட்டுவிட்டு வெளியிடலாம்.

விடக் கூடாதவை மூன்று. வாழும் மனிதரைப் பற்றிச் சான்றில்லாத தகவல், குறிப்பாக அவருக்குக் கேடு விளைவிக்கக்கூடியது, ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. பிறர் எழுத்தை அப்படியே படியெடுத்து ஒட்டுவது பதிப்புரிமை மீறல். "பிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாம்" என்பது ஏற்கப்படாது. நோய், மருந்து, அளவு பற்றிய தகவலை அரைகுறைச் சான்றுடன் வெளியிடக் கூடாது, ஏனெனில் யாராவது அதைப் படித்துச் செயல்பட்ட பிறகு செய்யப்படும் திருத்தம் பயன் தராது. இம்மூன்றிலும் உங்கள் முழுமைப் பிடிவாதத்துக்கு முழு இடம் கொடுங்கள்; இங்கே அது நற்குணம். முதல் கட்டுரைக்கு ஏரி, செடி, பூச்சி, பாலம் போன்றவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

தாளில் எழுதிய வரையறையை எடுத்துப் பாருங்கள். நிறைவேறியிருந்தால் ஒருமுறை முன்தோற்றம் பார்த்துவிட்டு வெளியிடுங்கள். பிறகு உலாவியை மூடிவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பார்ப்பவர், யாரும் எதுவும் செய்யாததையும் குறையாக எடுத்துக்கொள்வார். மறுநாள் பார்க்கலாம்.

7. பிறர் திருத்தும்போது

மறுநாள் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தவுடன் கண்ணில் படுவது சிவப்பு எண்கள். ஒருவர் உங்கள் கட்டுரையைத் தொகுத்திருக்கிறார், அருகில் −186 என்று இருக்கிறது. பாதிக் கட்டுரையை அழித்துவிட்டார் என்று நினைத்துக் கணக்கையே கைவிட்டவர்கள் உண்டு.

அந்த எண் எழுத்துகளின் எண்ணிக்கை அன்று, பைட்டுகளின் (கணினி சேமிப்பு அலகுகளின்) எண்ணிக்கை. UTF-8 என்னும் யுனிகோடு குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. "க்" என்பதில் ககரமும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், மிகையாக இட்ட ஓர் ஒற்றை நீக்கினாலே −6 என்று காட்டும். −186 என்பது அறுபத்திரண்டு குறியீடுகள். "காண்போர் கண்களுக்கு விருந்தளிக்கும் வண்ணம் திகழ்ந்துகொண்டிருக்கும்" என்பதை நீக்கினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். ஆகவே எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், வேறுபாட்டைக் காட்டும் இணைப்பைச் சொடுக்கி என்ன மாறியது என்று படியுங்கள்.

மாற்றங்கள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கும். பகுப்பு சேர்த்தல், இணைப்பு சரிசெய்தல் போன்றவை இயல்பான பராமரிப்பு. சிலவற்றைத் தானியங்கி நிரல்களே செய்கின்றன. சொற்றிருத்தம் வந்தால், ஒன்றிரண்டை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுரையில் அது நேராது. "மேற்கோள் தேவை" என்னும் குறியோ துப்புரவு வார்ப்புருவோ இடப்பட்டால், அது பக்கத்துக்கு ஒட்டப்பட்ட வேலைப் பட்டியல். கண்டிப்பாகத் தோன்றும் அதன் வாசகம் உங்களுக்காக எழுதப்பட்டதும் அன்று, பல நூறு கட்டுரைகளில் இருக்கும் அதே வாசகம்தான்.

நீக்கல் வேண்டுகோள் இடப்பட்டால் மட்டும் உடனே கவனியுங்கள். அதில் காரணம் எழுதப்பட்டிருக்கும். குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரைக்குரிய முக்கியத்துவம்) ஐயத்துக்குரியது என்றால், அப்பொருளோடு தொடர்பில்லாதவர்கள் வெளியிட்ட சான்றுகளைச் சேர்க்க வேண்டும்; பதிப்புரிமை என்றால் மாற்றி எழுத வேண்டும். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், "சுட்டியமைக்கு நன்றி. நூலகத்தில் இன்னொரு சான்று உள்ளது, வரும் ஞாயிறுக்குள் சேர்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால், பெரும்பாலும் காத்திருப்பார்கள்.

எதுவானாலும் அந்த மணி நேரத்திலேயே மாற்றத்தை மீளமைக்காதீர்கள். அவர் மீண்டும் மாற்ற, நீங்கள் மீண்டும் மீளமைக்க, அது தொகுப்புப் போராக முடியும். உடன்பாடு இல்லை என்றால் உரையாடல் பக்கத்தில் காரணத்தைக் கேளுங்கள். எழுதியவரின் நல்லெண்ணத்தை நம்பித் தொடங்க வேண்டும், புதியவரைக் கடியக் கூடாது என்பவை விக்கிப்பீடியாவின் எழுதப்பட்ட நெறிகள். சில நேரம் ஒருவர் களைப்பில் சுருக்கமாகவோ முறைப்பாகவோ எழுதிவிடுவார். அப்போது வேறொரு அனுபவமுள்ள பயனரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை.

கனடாவின் பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் ஆகிய உளவியலாளர்கள் 1991 இல் முழுமைப் பிடிவாதத்தை மூன்றாகப் பிரித்தனர்: தன்னிடம் தானே எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாகக் கருதிக்கொள்வது. திருத்தம் வரும்போது வருத்துவது பெரும்பாலும் மூன்றாவது. அதற்கு மருந்து, பிறர் உண்மையில் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதை வேறுபாட்டுப் பக்கத்தில் கண்ணால் காண்பது. நீங்கள் அஞ்சியது கட்டுரையை முழுதும் மறுப்பார்கள் என்று. அவர் கேட்டது ஒரு ஒற்று.

8. இரண்டாவது கட்டுரைக்கு முன்

முதல் கட்டுரை நிலைத்தவுடன் எண்ணிக்கைகளின் மேல் கண் போகும். யார் எத்தனை தொகுப்புகள் செய்திருக்கிறார்கள் என்னும் பட்டியல்களைத் தொடக்கத்தில் பார்க்க வேண்டாம். பதினைந்து ஆண்டுகளாக எழுதுபவருடன் முதல் மாதத்தை ஒப்பிடுவதால் எதுவும் தெரியப்போவதில்லை. போட்டிகள் அறிவிக்கப்பட்டால் வெற்றிக்காக இல்லாமல், பிறர் ஒரே நேரத்தில் எழுதும் சூழலுக்காகச் சேரலாம். ஆனால் முதல் கட்டுரையையே போட்டிக்காக எழுதுவதை நான் பரிந்துரைப்பதில்லை, கெடுவும் சொல் எண்ணிக்கையும் தயக்கத்தைக் கூட்டுகின்றன.

அதற்குப் பதிலாக, உங்களுக்குப் பின் வந்த ஒருவரின் வரைவைப் படியுங்கள். வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் அருகில் நன்றி தெரிவிக்கும் இணைப்பு உண்டு. ஒரு சொடுக்கில் முடியும் அந்தச் செயல் புதியவருக்குப் பெரிதாகப் படும். கருத்துச் சொன்னால், நன்றாக அமைந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் சுட்டுங்கள். அவர் கட்டுரை வெளியான அதே நிமிடத்தில் பத்துப் பிழைகளையும் நீங்களே திருத்திவிடாதீர்கள். ஒருநாள் விட்டால் பாதியை அவரே கண்டுகொள்வார்.

பிறர் பிழையை நீங்கள் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் அப்போது கவனியுங்கள். அந்த ஒற்றுப்பிழைக்காக அவரை நீங்கள் ஒருபோதும் இழிவாக நினைக்கவில்லை.

9. இம்முறை போதாத நிலை

இங்கே சொன்னவை எழுதும் வேலையில் எழும் சாதாரணத் தயக்கத்துக்கானவை. ஒரு தொகுப்பை நினைத்து இரவுகளில் உறக்கம் வரவில்லை, ஒரே பத்தியை நிறுத்த முடியாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், விக்கிக்கு வெளியே பணியிலும் வீட்டிலும் இதே நிலை தொடர்கிறது என்றால், அது தன்னார்வலர் சமூகம் தீர்க்கக்கூடியது அன்று. மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும். இந்தியாவில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்னும் தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

சிறிது காலம் விலகியிருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றினால், பயனர் பக்கத்தில் விக்கி விடுப்பு அறிவிப்பு இட்டுவிட்டுச் செல்லலாம். கணக்கும் பங்களிப்புகளும் அப்படியே இருக்கும். எவரும் விளக்கம் கேட்பதில்லை. திரும்பி வரும்போது குவிந்திருக்கும் கவனிப்புப் பட்டியலை (நீங்கள் கவனிக்கும் பக்கங்களில் நடந்த மாற்றங்களின் பட்டியலை) முதலில் திறக்காமல், மூன்றாம் பகுதியில் சொன்னதுபோல ஏதேனும் ஓர் ஊர்க் கட்டுரையில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி வெளியிடுங்கள். பழைய திருத்தங்களைப் படிப்பதை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.